சாய்த்து வைத்த படம்

அத்தியாயம் 14

போன வாரம் படித்துவிட்டு ஒரு வாசகி கொஞ்சம் சூடாகவே எழுதியிருந்தார். "ஒரு வெப்சைட்டை மாற்றத் தேதி சொல்ல வேண்டும், அவ்வளவுதானே. அதற்குப் போய் இந்தப் பெரியவள் இத்தனை வாரமாக மென்று விழுங்குகிறாளே" என்று. நியாயமான கோபம்தான். பெரியவளும் தினம் காலையில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து தன்னை இதையே சொல்லித்தான் திட்டிக்கொள்கிறாள் என்று அந்த வாசகிக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை.

நூலகத்தின் வலைத்தளத்தைப் பார்த்துக்கொள்வது பெரியவளின் வேலை. எந்தப் புத்தகம் அலமாரியில் இருக்கிறது, எது வெளியே போயிருக்கிறது, இன்றைக்கு எத்தனை மணி வரை திறந்திருக்கும், குழந்தைகளுக்குக் கதை நேரம் எப்போது, எல்லாவற்றையும் அவள்தான் ஏற்றுகிறாள். இப்படி ஏற்றவும் திருத்தவும் திரைக்குப் பின்னால் ஒரு மென்பொருள் இருக்கிறது. அதை நிறுவி, நூலகத்துக்குத் தோதாக இழைத்துக் கொடுத்தது அவள் தம்பி. வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்று பெயர். அந்த மென்பொருளுக்குள் நுழையவும் அதே பெயரில்தான் கணக்கு வைத்துக்கொண்டான்.

சின்னவன் வீட்டை விட்டுப் போய் மூன்று வருடம் ஆகப்போகிறது. அவனுக்குப் பெண் கொடுக்கலாமா என்று பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்து, "பையன் என்ன வேலை பண்றார்?" என்று கேட்டார்கள். வாழ்நாளெல்லாம் பிறர் வீட்டுக்குக் கதவும் ஜன்னலும் செய்து கொடுத்த தச்சரான அப்பா, "கம்ப்யூட்டர்ல ஏதோ தட்டிக்கிட்டு இருக்கான், நமக்கென்ன புரியுது" என்றார். வந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். நூலகத் தளம் திறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. சின்னவன் எழுந்து அறைக்குள் போனவன், மறுநாள் ஒரு பையோடு கிளம்பிவிட்டான். போன் நம்பர் மாறிவிட்டது. மெயில் அனுப்பினால் அப்படியே திரும்பி வந்தது.

வீட்டுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பெரியவளுக்கு மட்டும் இன்னொன்று தெரியும்.

அவன் போன கொஞ்ச நாளில், தளத்தின் முகப்பில் வாசிப்பறைப் படம் ஒன்றை அவசரமாக ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். படம் படுத்த வாக்கில் ஏறியிருந்தது. மறுநாள் ஓடி வந்து பார்த்தால், யாரோ அதை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். கீழே பொடி எழுத்தில் 'கடைசியாகத் திருத்தியவர்: சின்னவன்' என்று இருந்தது. கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

அன்றிலிருந்து சில வாரங்களுக்கு ஒருமுறை ஏதாவது ஒரு படத்தை வேண்டுமென்றே சாய்த்து வைப்பாள். இரண்டொரு நாளில் அது நிமிர்ந்துவிடும். அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் இருந்த பேச்சு வார்த்தை அதுதான்.

மென்பொருளை மாற்றினால் அந்தக் கணக்கு போய்விடும். அதனால்தான் தேதி தள்ளிக்கொண்டே போனது.

அவள் சொன்ன காரணங்களைக் கேட்டால் யாரும் குறை சொல்ல முடியாது. பரீட்சை நேரம், மாணவர்கள் வீட்டிலிருந்தே படிக்கிறார்கள், இப்போது கை வைக்க வேண்டாம் என்றாள். பரீட்சை முடிந்ததும், விடுமுறை வாசிப்புக்குப் பெயர் கொடுக்கும் கூட்டம் வருகிறது என்றாள். அதுவும் முடிந்ததும், புதுப் பதிப்பு இப்போதுதானே வந்திருக்கிறது, அதிலுள்ள கோளாறுகளை வேறு யாராவது முதலில் அனுபவிக்கட்டும் என்றாள். புத்தகம் தேடுகிற பகுதி புதுசோடு இன்னும் ஒத்துப்போகவில்லை என்றாள். எல்லாமே உண்மை. பொய் சொல்லியிருந்தால் என்றைக்கோ மாட்டியிருப்பாள். உண்மையைச் சொல்லிச் சொல்லியே ஒரு வருடத்தை ஓட்டிவிட்டாள்.

இன்றைக்கு அது நடக்கவில்லை.

* * *

தலைமை நூலகரின் அறையில் மூன்று நாற்காலிகள். ஒன்றில் அவர், ஒன்றில் பெரியவள், மூன்றாவதில் மென்பொருள் கம்பெனியிலிருந்து வந்திருந்த பெண். மடிக்கணினியை வைக்க மேஜையில் இடமில்லாமல், திரும்பி வந்த புத்தகக் கட்டு ஒன்றின் மேல் வைத்திருந்தாள்.

தலைமை நூலகரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாசிப்பறையில் இருந்து இருந்தே அவருக்குக் குரல் தேய்ந்துபோய்விட்டது. வீட்டில் மனைவியைக் கூப்பிட்டால்கூட ரகசியம் பேசுவது போலத்தான் இருக்குமாம். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். அதனால் அவர் சாதாரணமாகப் பேசும்போது யாரும் பயப்படுவதில்லை. காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டியிருந்தால் மட்டும் எல்லோரும் உஷாராகிவிடுவார்கள்.

பெரியவள் இப்போது நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அந்தக் காலேஜ் லைப்ரரி வெப்சைட்டைப் பாத்தீங்களா?" என்றார் அவர். "நம்மளோட அதே பழைய வெர்ஷன். யாரோ உள்ளே பூந்துட்டான். புத்தகம் தேடினா முடி வளர்ற தைலம் வருது."

கம்பெனிப் பெண் அவருடைய வழுக்கையைப் பார்த்துவிட்டுச் சட்டென்று திரையைப் பார்த்தாள்.

"நம்ம குழந்தைங்க பக்கத்துல அது வந்தா நான் யார் முகத்துல முழிக்கிறது?"

"பழைய வெர்ஷனுக்கு இனிமே பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராது மேடம்," என்றாள் கம்பெனிப் பெண் பெரியவளிடம். "ஓட்டை தெரிஞ்சாலும் அடைக்க ஆள் கிடையாது. ஒரு நகல் எடுத்து அதுல மாத்திப் பாத்துட்டோம். தேடல் பகுதியும் இப்ப சரியா வேலை செய்யுது. நீங்க ஒரு நாள் சொன்னாப் போதும்."

இருவரும் பெரியவளைப் பார்த்தார்கள்.

அவளிடம் காரணம் தீர்ந்துவிட்டது. பரீட்சை முடிந்துவிட்டது. விடுமுறைப் பதிவு தொடங்க இன்னும் நாள் இருக்கிறது. நடுவில் கிடைக்கும் இந்த ஒரு வாரத்தை விட்டால் இதைவிடத் தோதான வாரம் வராது என்பது இந்த அறையில் அவளைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. வேலை தெரிந்தவளாக இருப்பதில் இது ஒரு கஷ்டம்.

"வெள்ளிக்கிழமை வச்சுக்கலாமா?" என்றார் தலைமை நூலகர்.

"வெள்ளிக்கிழமை வேண்டாம் சார்," என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. "ஏதாவது தப்பாப் போனா சனி ஞாயிறு சரி பண்ண ஆள் இருக்காது. திங்கள்கிழமை நிறையப் பேர் வருவாங்க. செவ்வாய்க்கிழமை காலைதான் கூட்டம் கம்மி."

"அப்ப வர்ற செவ்வாய்?"

"வர்ற செவ்வாய்," என்றாள்.

அவ்வளவுதான். ஒரு வருடம் இழுத்தது ஒரு நிமிடத்தில் முடிந்தது. தலைமை நூலகர் நாட்காட்டியில் குறித்துக்கொண்டார். பெரியவளுக்குத் தன் வாயாலேயே யாரையோ வழியனுப்பிவிட்டது போல இருந்தது.

"இன்னொரு விஷயம்," என்றாள் கம்பெனிப் பெண். "இப்ப வேலையில இருக்கறவங்களோட கணக்கு மட்டும்தான் புதுசுக்கு வரும். மத்ததை மூடிடுவோம். இதுல சின்னவன்னு ஒருத்தர் இருக்காரே, யாரு? நேத்துகூட உள்ளே வந்துட்டுப் போயிருக்காரு."

தலைமை நூலகர் நிமிர்ந்தார். "அவர் உங்க தம்பி இல்லையா?"

"ஆமா சார்."

"அவர் இப்ப நம்மகிட்ட வேலை பாக்கலையே."

"இல்லை சார்."

"வெளியாள் உள்ளே வந்து போறது நல்லதில்லை மேடம்," என்றாள் கம்பெனிப் பெண். கண்டிப்பாகச் சொல்லவில்லை, வேலையைச் சொன்னாள். "எந்த ஊர்லேருந்து வர்றாருன்னு வேணா பாத்துச் சொல்லிடலாம். ரெண்டு நிமிஷ வேலை. பாக்கட்டுமா?"

பெரியவள் இதை யோசிக்காதவள் இல்லை. எத்தனையோ மத்தியானம் யோசித்திருக்கிறாள். ஊர் தெரிந்தால் மறுநாளே பஸ் ஏறத் தோன்றும். தெரியாதவரை அவன் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். கடல் தாண்டி இருக்கலாம், அடுத்த தெருவில் இருக்கலாம். சொல்லாமல் போனவன் அதைச் சொல்ல விரும்பவில்லை என்றுதானே அர்த்தம். அவன் தன் பங்குக்குப் படத்தை நிமிர்த்துகிறான், அவள் தன் பங்குக்குத் தேடாமல் இருக்கிறாள்.

"வேண்டாம்," என்றாள். கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிட்டாள். "மூடிடுங்க. செவ்வாய்க்கிழமை மத்ததோட சேத்து மூடிடுங்க."

* * *

தன் மேஜைக்குத் திரும்பி வந்தவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டப்பாவைத் திறந்து மூடி வைத்தாள்.

தளத்துக்குள் வரைவுப் பக்கம் ஒன்று உண்டு. வெளியில் யாருக்கும் தெரியாது, கணக்கு வைத்திருப்பவர்கள் உள்ளே வந்தால் மட்டும் தெரியும். போன வருடம் ஒரு நாள் மனசு கேட்காமல் அதில், 'எங்கடா இருக்கே? ஒரு வார்த்தை எழுது' என்று எழுதி வைத்தாள். பதில் வரவில்லை. ஆனால் சாய்ந்திருந்த படம் மறுநாள் நிமிர்ந்திருந்தது. பார்த்திருக்கிறான், பதில் மட்டும் போட மாட்டேன் என்கிறான். அழுத்தக்காரன் என்று வாய்விட்டுத் திட்டினாள். திட்டுவதற்கு ஆள் இருக்கிறானே என்று சந்தோஷமாகவும் இருந்தது.

இன்று அதே பக்கத்தைத் திறந்து எழுதினாள்.

'சின்னவா, செவ்வாய்க்கிழமை எல்லாத்தையும் மாத்தறோம். அதுக்கப்புறம் உன் பேரில் உள்ளே வர முடியாது. தள்ளிப் போட்டுப் பாத்துட்டேன், இனி முடியாது. நான் படத்தைச் சாய்ச்சு வச்சா இனிமே நானேதான் நிமிர்த்திக்கணும். அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. வீட்டுக்கு வான்னு கூப்பிடலை. நல்லா இருக்கியான்னு மட்டும் சொல்லு.'

சேமித்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசகர் ஒருவர் வந்து அட்டை தொலைந்துவிட்டது என்றார். இன்னொருவர் கண்ணாடியை இங்கே விட்டேனா என்றார். இடையிடையே பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. கடைசியில் தலைவலி என்று சொல்லிவிட்டு, வழக்கமான நேரத்துக்கு முன்பே கிளம்பினாள்.

தன் வீட்டுக்குப் போகாமல் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி, அம்மா வீட்டுக்கு நடந்தாள். ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. சின்னவனின் கட்டில் கிடக்கும் அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று இருந்தது.

* * *

அம்மா கூடத்தில் துணி மடித்துக்கொண்டே டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். கண் டிவியில், கை துணியில். மடித்து வைத்ததை மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருப்பது அவளுக்கே தெரியவில்லை.

"என்னடி, இந்த நேரத்துக்கு? முகம் ஏன் இப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்லைம்மா. அப்பா எங்கே?"

"உள்ளே சின்னவன் ரூம்ல. உங்கப்பாவுக்குச் சீட்டாட்டப் பைத்தியம் பிடிச்சிருக்கு, தெரியுமா? அவன் விட்டுட்டுப் போன கம்ப்யூட்டர்ல மத்தியானமானா உக்காந்துடறார். கதவைச் சாத்திக்கிட்டு, சத்தமே கிடையாது. நான் கூப்பிட்டா மட்டும் காது கேக்காது."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. கம்ப்யூட்டரில் தட்டுவதைப் பற்றி அன்றைக்கு அப்படிப் பேசிய மனுஷன்.

அறைக் கதவு அப்பாவே செய்து மாட்டியது. தள்ளினால் முனகக்கூட முனகாது. அவள் உள்ளே வந்தது அவருக்குத் தெரியவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு, மூக்குக்கண்ணாடி திரையைத் தொடும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார்.

திரையில் சீட்டுக்கட்டு இல்லை. அவள் மத்தியானம் எழுதிய வரைவுப் பக்கம் இருந்தது. அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி.

'அக்கா நான் நல்லா இருக்கேன் நீ கவலை'

பதில் எழுதிவிட்டான். பெரியவளின் நெஞ்சு அப்படியே எம்பியது. எழுதிவிட்டான், எங்கேயோ உட்கார்ந்து இப்போது எழுதிக்கொண்டிருக்கிறான், அப்பா அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த ஒரு நொடியில் அவள் அடைந்த சந்தோஷத்தை நான் என்ன எழுதினாலும் கொண்டுவர முடியாது.

அடுத்த நொடி அப்பாவின் விரல் மவுஸை அழுத்தியது. திரைக்குள்ளேயே கீழ்ப்பக்கம் விரிந்திருந்த எழுத்துப் பலகையில் அம்புக்குறி தேடித் தேடி நகர்ந்தது. வரியின் கடைசியில் 'ப்' என்று ஓர் எழுத்து வந்து விழுந்தது.

"அப்பா."

விரல் நின்றது. அவர் திரும்பவில்லை.

"சீக்கிரம் வந்துட்டியா," என்றார்.

"எத்தனை நாளா?"

"இப்பதான் உக்காந்தேன்."

"அதைக் கேக்கலைப்பா."

அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"அவன் போனதும் இதைத் திறந்து பாத்தேன்," என்றார். "அப்படி என்னதான் தட்டினான்னு பாக்கத்தான். திறந்தா நேரா உங்க லைப்ரரிக்குள்ள போய் நின்னுச்சு. பாஸ்வேர்டு அதுவே போட்டுக்குது. ரெண்டு நாள் பாத்துட்டு மூடிட்டேன். அப்புறம் ஒரு நாள் படம் படுத்துக் கிடந்துச்சு. பாக்கறவங்க கட்டினவனைத்தானே சொல்லுவாங்க. ஒரு மத்தியானம் பூரா தேடி, அந்த வளைஞ்ச அம்புக்குறியைக் கண்டுபிடிச்சுத் திருப்பினேன்."

பெரியவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் மாட்டின கதவுன்னா வருஷம் கழிச்சுக்கூடப் போய் ஒரு தடவை கீலைப் பாத்துட்டு வருவேன். உனக்குத் தெரியும். இவன் கட்டினதைப் போய்ப் பாக்க யாருமில்லை. அதான்."

"அப்ப இத்தனை நாளா நான் யாரோட பேசிக்கிட்டு இருந்தேன்?" என்றாள்.

"என்னோடதான்மா."

மூன்று வருடமாக அவள் தனியாக வைத்துக்கொண்டிருந்த தம்பி அந்த அறையில், அந்தக் கட்டிலில் அவள் உட்கார்ந்திருக்கும்போதே இல்லாமல் போனான். வீட்டை விட்டுப் போன அன்றைக்குக்கூட அவன் இப்படிப் போகவில்லை. ஆத்திரம் வந்தது. அப்பாவின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. நரைத்த முடியும் குனிந்த கழுத்தும் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"போன வருஷம் எங்கடா இருக்கேன்னு எழுதியிருந்தேன். அதையும் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"அப்பவே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"என்னன்னு சொல்றது? நானும் அதையேதானே கேட்டுக்கிட்டு இருந்தேன்."

கூடத்தில் டிவியில் யாரோ சிரித்தார்கள்.

"அதைப் படிச்சப்புறம்தான் எனக்குப் புரிஞ்சுது," என்றார் அப்பா. "நீ கவனமில்லாம சாய்க்கலை, அவனுக்காகச் சாய்க்கிறேன்னு. நான் கையெடுத்துட்டா அவன் போயிட்டான்னு நினைச்சுக்குவே. நிமிர்த்தி வச்சா எங்கேயோ இருக்கான்னு நினைச்சுக்குவே. ரெண்டுல எது உனக்கு நல்லதுன்னு யோசிச்சேன். நிமிர்த்தி வச்சேன். தப்புன்னா தப்புதான்."

"இன்னிக்கு அவன் மாதிரியே எழுத உக்காந்துட்டீங்க."

"நல்லா இருக்கேன்னு ஒரு வார்த்தைதானே கேட்டிருந்தே."

அவளால் அதற்குமேல் கோபப்பட முடியவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்பா எழுந்து பக்கத்தில் வந்து நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டில் சட்டத்தில் வைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார். "செவ்வாய்க்கிழமைதானா? இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடக் கூடாதா?"

பெரியவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. ஒரு வருடமாக அவள் தலைமை நூலகரிடம் கேட்டது. இப்போது கேட்கிற முறை அப்பாவுக்கு வந்திருக்கிறது.

"எதுக்குப்பா தள்ளிப் போடணும்? அவன்தான் வர்றதே இல்லையே."

"வரலைன்னாலும் அது அவன் கட்டினதும்மா. மாத்திட்டா எதுவும் மிச்சம் இருக்காதா?"

"புத்தகம், படம், நேரம், எல்லாம் அப்படியே வந்துடும். அவன் போட்ட சட்டம்தான் போகும்."

"கதவு நிலையை எடுத்துட்டு வேற நிலை வைக்கிறீங்க."

"ஆமாப்பா."

"பழசு உளுத்துடுச்சா?"

"இன்னும் இல்லை. ஆனா இனிமே தாங்காது. அதைப் பாத்துக்க ஆள் கிடையாது. வெளியிலேருந்து யார் வேணா நெம்பிடுவான்."

அப்பா யோசித்தார். அவருக்குப் புரிகிற பாஷையில் சொன்னதே அவளுக்கு வினையாகிவிட்டது போல இருந்தது. புரியாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் வாதாடியிருப்பார், அவளும் இன்னும் கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்திருப்பாள்.

"அப்ப மாத்தத்தான் வேணும்," என்றார்.

திரும்பவும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எழுதிய வரியை அழிக்கப் போனார்.

"இருக்கட்டும்பா. அழிக்காதீங்க."

"பொய்தானே இது."

"செவ்வாய்க்கிழமை வரைக்கும் இருக்கட்டும்."

அப்பா கையை எடுத்துக்கொண்டார். இருவரும் அந்த வரியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்கள். அக்கா, நான் நல்லா இருக்கேன். அவன் எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பான்.

"மாத்தற அன்னிக்குத் திறந்தா என்ன தெரியும்?" என்று அப்பா கேட்டார்.

"காலையில மூடி வச்சிருப்போம். யார் வந்தாலும் ஒரு அறிவிப்பு மட்டும் தெரியும். இன்னிக்கு வேலை நடக்குது, மத்தியானம் வாங்கன்னு. அதை நான்தான் எழுதணும்."

"அதைப் பாக்க பாஸ்வேர்டு வேணுமா?"

"வேண்டாம். யார் வேணா பாக்கலாம்."

"அவன் எங்க இருந்தாலும்?"

"எங்க இருந்தாலும் பாக்கலாம்பா. பாத்தான்னா."

அப்பா நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார், யாரோ வீட்டுக்கு வருவது போல.

"நான் சொல்றேன். நீ எழுதிக்கோ."

பெரியவள் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். எழுத்துத் தமிழில் பேசுகிறவர்களைப் போல அப்பா நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவருக்கு அது பழக்கமில்லை.

"வாசகர்களுக்கு. நூலகத்தின் தளம் இன்று காலை மாற்றப்படுகிறது. நண்பகலுக்குப் பிறகு புதுத் தளம் திறக்கும். போட்டியா?"

"போட்டேன்."

"இதுவரை இருந்த தளத்தைக் கட்டியது என் மகன்."

பெரியவளின் விரல் நின்றது. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு மேலே சொன்னார்.

"நல்ல வேலை. நாள்தோறும் உள்ளே போய்ப் பார்த்தவன் சொல்கிறேன், எங்கும் பிசகு இல்லை. அவன் என்ன வேலை செய்கிறான் என்று வந்தவர்கள் கேட்டபோது நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இதுதான் அவன் செய்த வேலை." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கீழே அவன் அப்பான்னு போட்டுடு," என்றார்.

அவள் எழுதி முடித்தாள். கண் மறைத்ததால் இரண்டு முறை திருத்த வேண்டியிருந்தது.

"சார் சம்மதிக்கணும்பா. லைப்ரரி நோட்டீஸ் இது. அவர் வேண்டாம்னா ஒண்ணும் பண்ண முடியாது."

"கேட்டுப் பாரு."

தலைமை நூலகருக்கு அனுப்பினாள். உடனே படித்துவிட்டார் என்று காட்டியது. பதில் வரவில்லை.

டிவி சத்தம் எப்போது நின்றது என்று இருவரும் கவனிக்கவில்லை. அம்மா மடித்த துணியை மார்போடு அணைத்துக்கொண்டு வாசல்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"சீட்டாட்டம்னு சொன்னீங்க," என்றாள் அப்பாவிடம்.

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவன் பாக்கலைன்னா என்ன பண்ணுவீங்க? அவன் ஒருத்தன் பாக்க மாட்டான், ஊரே பாக்கும். வீட்டு விஷயத்தை இப்படி நாலு பேர் முன்னாடி வைக்கணுமா?"

"வைக்கணும்," என்றார் அப்பா. "அன்னிக்கும் நாலு பேர் முன்னாடிதானே சொன்னேன்."

அம்மா உள்ளே வந்து, சின்னவனின் கட்டில் ஓரத்தில் பெரியவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.